எந்த சிந்தசைசரை வாசிக்க அதிக இன்பம்?

சிந்தசைசர் என்பது மின்சுற்றால் ஒலியை உருவாக்கி, அதை நாமே செதுக்க விடும் கருவி. அதை வாசிக்கும் இன்பம் பெரும்பாலும் திருகுகளில்தான், அதாவது கையால் திருப்பும் குமிழ்களில்தான், இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனித் திருகு இருந்தால், காது கேட்டதைக் கை உடனே திருத்திவிடும். அடுப்புத் தீயைத் திருகித் தணிப்பதற்கும், அதையே தொலைபேசித் திரையில் பட்டியல் பட்டியலாகத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

1970இல் வந்த மினிமூக் மாடல் டி இன்றும் கொண்டாடப்படுவது இதனால்தான். 1983இன் யமஹா டிஎக்ஸ்7 ஒலியில் அற்புதம். ஆனால் பொத்தான்களும் ஒரே ஒரு நகர்த்தியும் கொண்டு புது ஒலி அமைப்பது பொறுமையைச் சோதிக்கும். முதல் கருவிக்கு என் தேர்வு கோர்க் மினிலாக்: ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள், அலைவடிவத்தைக் காட்டும் சிறு திரை. கட்டைகள் சிறியவை, பெரிய விரல்களுக்குச் சற்று நெருக்கம்.

எதில் தொடங்கினாலும் இப்படிச் செய்யுங்கள்: ரம்பப்பல் அலை (ரம்பப் பல் போன்ற வடிவமுள்ள, கணீரென்ற அடிப்படை ஒலி) ஒன்று, ஃபில்டரின் (ஒலியை வடிகட்டும் பகுதி) கட்ஆஃப் (எந்த உயரத்துக்கு மேல் வடிகட்டுவது என்ற எல்லை) பாதி, ரெசொனன்ஸ் (அந்த எல்லையருகே உள்ள ஒலியைத் தூக்கிக்காட்டுவது) கால் பங்கு. வலக்கையால் இரண்டே சுரங்களை மாறிமாறி வாசித்தபடி, இடக்கையால் கட்ஆஃபை மெல்லத் திருப்புங்கள். ஒலி வாய் திறந்து மூடுவதுபோல் கேட்கும். ரெசொனன்ஸை முழுதாக ஏற்றினால் பல கருவிகளில் ஃபில்டரே விசிலடிக்கும், எனவே முதலில் ஒலியளவைக் குறையுங்கள். ஒலியே வரவில்லையா? பெரும்பாலும் கட்ஆஃப் அடிமட்டத்தில் இருக்கும், கருவி பழுதில்லை.

பல சுரங்கள் சேர்ந்து ஒலித்தால்தான் இன்பம் என்பது தவறு; மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் ஒலிக்கும்.