நெசவாளர்களுக்குப் பட்டறையும் விற்பனைக்கூடமும் சேர்த்துக் கட்டும்போது, அவர்கள் தொழிலைக் கட்டடத்தில் எப்படிக் கொண்டுவருவது?

நான் கட்டட வடிவமைப்பாளர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பட்டு நெசவாளர்கள் சிலர் சேர்ந்து, எட்டுத் தறி போட ஒரு பட்டறையும், நெய்ததை அங்கேயே விற்க ஒரு கூடமும் வேண்டும் என்று வந்தபோது எனக்கும் இதே கேள்விதான் எழுந்தது. அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நான் வரைந்தது தவறு. முகப்பு முழுக்கச் செங்கல் ஜாலி, அதாவது துளைகள் விட்டுக் கட்டும் சுவர், அதில் சேலைக் கரையில் வரும் அன்னமும் யாளியும். கூரை சேலை மடிப்பு மாதிரி. நாற்பது வருடமாகத் தறியில் உட்காரும் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "சேலைக்கு இது அழகு தம்பி. எனக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு மாதம் தினமும் காலையில் அவர் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நெய்யும் பொருளின் உருவத்தைச் சுவரில் ஒட்டுவதை விடுங்கள். நெய்கிறவர் எங்கே உட்காருகிறார், கால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அளந்து வரையுங்கள். கட்டடத்தின் உருவம் அதிலிருந்தே வந்துவிடும்.

குழித்தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும். ஆகவே தறிக்கூடத்தின் தரையை வெளி நிலத்திலிருந்து மூன்று அடி உயர்த்தினோம். குழி இரண்டரை அடிதான். அடிமட்டமே வெளி நிலத்துக்கு மேலே நிற்கிறது. "குழியில் ஈரப்பதமே இல்லாவிட்டால் நூல் வறண்டு அறும்" என்று பெரியவர் எச்சரித்தார். அதனால் பீடத்தைக் காங்கிரீட்டால் மூடாமல் மண் நிரப்பிக் கெட்டித்தோம். குழிச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு இல்லை, மண் பூச்சுதான்.

இந்த மூன்று அடியிலிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. வழக்கமாகத் தறி பார்க்க வருகிறவர்கள் நின்றுகொண்டு, கீழே உட்கார்ந்திருப்பவரைக் குனிந்து பார்ப்பார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். விற்பனைக்கூடத்தின் தரையை நாங்கள் உயர்த்தவில்லை. இப்போது அங்கே நிற்பவரின் கண்ணும், மேலே தறியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம். வாங்க வருகிறவர் நேருக்கு நேர் பார்த்து, "இது எத்தனை நாள் வேலை ஐயா?" என்று கேட்கிறார். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தறிச் சத்தம் கூடத்துக்குள் கேட்கட்டும்.

அப்புறம் கோர்வை, அதாவது கரையையும் உடலையும் கோத்து நெய்யும் முறை. கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம் என்று நெய்ய மூன்று நாடா வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டு போகும் கட்டைதான் நாடா. ஒரு பக்கத்து நாடாவை எறிந்து கொடுக்கத் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும். இது தெரியாமல் தறியைச் சுவரோரம் ஒட்டிப் போட்டால் அந்த ஆளுக்கு இடமிருக்காது. என் முதல் படத்தில் அவருக்கு இடமே இல்லை. நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றும் பெண்களுக்கும் இல்லை. அவர்கள் கேட்டது தெரு தெரியும்படி, நிழலில் ஒரு திண்ணை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமாம்.

அந்தத் திண்ணையின் நீளத்தைப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், முடிவு செய்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை நெய்வார்கள். ரவிக்கைத் துணியோடு சேர்த்தால் ஏறத்தாழ 60 அடி. விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் தெருவில்தான் பாவை நீட்டுவார்கள். மழை வந்தால் சிக்கல். அதனால் முன்பக்கத் தாழ்வாரத்தை நடுவில் தூணே இல்லாமல் 70 அடிக்கு இழுத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் நீளமான, தாழ்ந்த ஓட்டுக் கூரை மட்டும்தான் தெரியும். தறிக்கு மேலே, உருவம் விழ நூலைத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி நிற்பதால் உள்ளே மட்டும் கூரையைத் தூக்கினோம். அந்த உயர வித்தியாசத்தில் வடக்கு பார்த்த சன்னல் வரிசை. பெரியவர் கேட்ட வெளிச்சம் அதன் வழியாகத்தான் வருகிறது.

விற்பனைக்கூடத்துக்கும் அதே வடக்கு வெளிச்சம்தான். பட்டில் நேர் வெயில் பட்டால் சாயம் மங்கும். மஞ்சள் விளக்கை மட்டும் போட்டாலோ நிறமே ஏமாற்றும். மயில் கழுத்து நிறத்தை நினைத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். துணி அசையும்போதுதான் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். அதற்காகவே சேலையை விரித்து அசைத்துப் பார்க்க சன்னலோரம் அகலமான மேடை ஒன்று வைத்தோம். கண்ணாடி அலமாரிகள் இரண்டோடு சரி.

நீங்களும் இப்படி ஒன்றைக் கட்டப்போகிறீர்கள் என்றால், சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைப்பில் உருவாகி 1996-ல் திறந்த இடம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. வீட்டுக்குள் தறி எப்படி அடங்கியிருக்கிறது என்று நின்று பாருங்கள். வங்கதேசத்தின் ருத்ராபூரில் கட்டடக் கலைஞர் அன்னா ஹெரிங்கர் மண்ணாலும் மூங்கிலாலும் கட்டிய ஆனந்தாலோய் (Anandaloy) கட்டடத்தின் படங்களையும் தேடிப் பாருங்கள். கீழே மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், மேலே ஊர்ப் பெண்கள் வேலை செய்யும் தையல் கூடம். ஊர்க்காரர்களுக்குக் கைவந்த பொருளில் கட்டியது அது. நாங்கள் மண் பூச்சுக்கும் நாட்டு ஓட்டுக்கும் போனதற்கு அதுவும் ஒரு காரணம். விரிசல் விட்டால் இங்கிருப்பவர்களே பூசிக்கொள்கிறார்கள்.

இப்போது பின்பக்கத்தில் சிறியதாக ஒரு சாயப் பட்டறை கேட்கிறார்கள். பாத்திரம் எங்கே, அடுப்பு எங்கே, நூல் உலர்த்தும் கம்பு எங்கே என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. சாயத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாமல் எப்படிச் சுத்திகரிப்பது என்பது மட்டும் பாக்கி. அதற்கு வழி தெரிந்த பிறகுதான் சுவர் எழுப்புவோம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.