இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன், நெஞ்சு தடதடக்கிறது!

கேள்வி: வயது 54. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் ஒரு வருடமாக மெட்டோபிரொலால் சாப்பிடுகிறேன். சர்க்கரைக்கும் மருந்து உண்டு. படியேறினால் களைத்துப்போகிறேன், விரல்கள் சில்லென்று இருக்கின்றன, நாடித்துடிப்பு 56தான். மாத்திரைதான் காரணமோ என்று நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் நெஞ்சு தடதடவென்று அடித்தது. பயந்து மறுபடி போட்டுக்கொண்டேன். இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: அடிமையாகவில்லை. ஆனால் நீங்கள் செய்து பார்த்த பரிசோதனை ஆபத்தானது. இன்னொரு முறை வேண்டாம்.

பயந்தாலோ ஓடினாலோ உடலில் அட்ரினலின் சுரக்கும். அது இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் துடிப்பு ஏறும். ஏற்பி என்பதை ஒரு நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் மெட்டோபிரொலால் 'பீட்டா பிளாக்கர்' என்ற வகை மாத்திரை. அது அந்த நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் வரும் அட்ரினலினுக்கு இடமில்லை. இதயம் நிதானமாகத் துடிக்கிறது, அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ரெனின் என்ற பொருள் சிறுநீரகத்தில் சுரப்பதும் குறைவதால் ரத்த அழுத்தம் இறங்குகிறது.

மாதக்கணக்கில் இப்படியே போனால் இதயம் சும்மா இருப்பதில்லை, நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கூடுதலான அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் காலி. வழக்கமான அளவு அட்ரினலினுக்கே இதயம் தறிகெட்டு ஓடும். உங்களுக்கு நடந்தது இதுதான். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இதே தவறு மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். அதனால் நிறுத்துவதென்றாலும் மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

களைப்பும் விரல் குளிர்வதும் இந்த மருந்தின் வழக்கமான தொந்தரவுகள். சிலருக்குக் கெட்ட கனவுகள் வரும், சில ஆண்களுக்கு விறைப்புக் குறையும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. அளவைக் குறைக்கலாம், இதே வகையில் நெபிவொலால் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம். வெறும் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றால் இன்று பீட்டா பிளாக்கர் பெரும்பாலும் முதல் தேர்வு இல்லை. உங்களுக்குப் படபடப்பும் இருப்பதால்தான் இதை எழுதியிருப்பார்கள். ஒன்று, களைப்புக்கு ரத்தசோகையோ தைராய்டு குறைவோகூடக் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட வேண்டாம்.

56 என்ற எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். இந்த மருந்தின் வேலையே அதுதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து முழு 60 விநாடி எண்ணுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 50க்குக் கீழே போய், தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கு இன்னும் முக்கியமானது சர்க்கரை. சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் சட்டை நனைகிறதா? உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த வகையில் சில மருந்துகள் மூச்சுக்குழாயையும் சுருக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே இனம்தான், அதுகூட ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்.

இதே குடும்பத்தின் புரோப்ரனலாலை ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கை நடுக்கத்துக்கும், மிகைத் தைராய்டுக்கும் கொடுக்கிறார்கள். கை நடுங்காது என்பதாலேயே வில்வித்தை, துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு இந்த மருந்துகள் தடை. புரோப்ரனலாலை 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. இதயம் பலவீனமானவருக்கு பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித் தந்தார்கள். இன்று அதே நோயாளிக்கு இந்த வகையில் சில மருந்துகளை மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் ஆயுள் நீள்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ஒரு வாரம் காலை, மாலை நாடியைக் குறித்து வைத்து, அந்தச் சீட்டோடு போங்கள். இரண்டு நாள் நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.