ஒன்பதாவது பாடம் (மலேசிய ஆசிரியை ஒருவரின் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆறு வருடமாக வரலாறு கற்பிக்கிறேன். ஐந்தாம் படிவத்தில் அரசமைப்பு, நாடாளுமன்றம், மாநில அரசு என்று ஒருவழியாக ஓட்டிவிடுகிறேன். ஒன்பதாவது பாடம் டாசார் லுவார், அதாவது வெளியுறவுக் கொள்கை, வந்ததும் வகுப்பே தூங்கிவிடுகிறது. போன வாரம் ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், ஆசியான்ல என்ன நடந்தா எங்க வீட்டுக்கு என்ன டீச்சர்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களுக்கு இவ்வளவுதான் ஏறும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இந்தப் பாடத்தை எப்படிச் சுவையாக நடத்துவது? மாதிரி நாடாளுமன்றம் நடத்தினால் பயன் உண்டா? அரசாங்கத்தைப் பற்றி ஆசிரியர் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா? தமிழில் விளக்கலாமா? நேரம் இருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பாட்டியின் ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைத்தது. சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. பாட்டி இறந்தது 1997இல். இத்தனை வருடம் அந்த டின்னை நான் திறக்கவில்லை. இரண்டு நாளாக அதை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் ஒரு திட்டு, வாங்கிக்கொள்ளுங்கள். "இவர்களுக்கு இவ்வளவுதான் ஏறும்" என்று எழுதியிருக்கிறீர்களே, இதைச் சொன்னது சக ஆசிரியர்கள் என்று பாதிப் பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு, மீதியை மெதுவாக நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். இந்த வாக்கியத்தை என் காதாலேயே கேட்டு வளர்ந்தவன் நான். தோட்டத்துக் கணக்கரான கிராணி சொன்னார், மேற்பார்வை பார்த்த தண்டல் சொன்னார், அப்புறம் நம்மவர்களே பட்டம் வாங்கி வந்து சொன்னார்கள். ஒரு பையன் எழுந்து நின்று "எங்க வீட்டுக்கு என்ன" என்று கேட்டிருக்கிறான். வெளியுறவு அமைச்சுகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அவனுக்கு ஏறவில்லையா, அம்மா? உங்களிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். இல்லையென்று சொல்வதில் வெட்கமும் இல்லை. பழியை மட்டும் அவன் மண்டைமேல் போடாதீர்கள்.

மற்றதற்கெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் தாராளமாக விளக்குங்கள். பரீட்சைத் தாளில் மலாயில் எழுதினால் போதும், புரிவது எந்த மொழியில் புரிந்தால் என்ன. சொந்தக் கருத்து: உங்களுக்கு இருப்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்கள். மாதிரி நாடாளுமன்றத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

பாட்டிக்கு வருகிறேன்.

தாத்தா 1937இல் பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். ஒரு வருடம் தாமதித்திருந்தால் வந்திருக்க மாட்டார். கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்திவிட்டது. ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள் கூலியைக் குறைத்தன. இவ்வளவு கூலிக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று டில்லி சொன்னது. அதுவும் வெளியுறவுதான், வெள்ளைக்காரன் காலத்து வெளியுறவு. தாத்தாவுக்கு இது எதுவும் தெரியாது. கடைசி வண்டியைப் பிடித்தவன் மாதிரி வந்து சேர்ந்துவிட்டார்.

பாட்டி இங்கேயே பிறந்தவர், 1930இல், பால்மரத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். நாடு சுதந்திரம் பெற்ற 31 ஆகஸ்ட் 1957க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைகளுக்கு அன்றைய சட்டப்படி குடியுரிமை தானாக வந்தது. அதற்கு முன்பே இங்கே பிறந்தவர்கள் மனுப்போட வேண்டும். ஆனால் முதல் ஓராண்டுக்குள் போட்டால் மலாய் மொழித் தேர்வு கிடையாது. பாட்டிக்கு இருபத்தேழு வயது. ஒரு கையெழுத்து, இல்லை, ஒரு கைநாட்டு போட்டிருந்தால் முடிந்தது. யாரும் சொல்லவில்லை. காலை இருட்டில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் பால் வெட்டு, மங்கு என்ற பால் கிண்ணத்தைத் துடைத்துப் பால் எடுத்து ஸ்டோரில் கொண்டுபோய்க் கொட்டினால் பொழுது போய்விடும். அந்த ஓராண்டு அப்படியே போனது. பின்னால் இரண்டு முறை மனுப்போட்டார். பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்துவிட்டது என்றார். முகப்பில் இருந்தவர் மலாயில் ஏதோ கேட்டார், பாட்டி தெரிந்த சந்தை மலாயில் ஏதோ சொன்னார். போய் வரச் சொன்னார்கள்.

1968இல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டுமென்று சட்டம் வந்தது. 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு அது இறுகியது. சிவப்பு ஐசி வைத்திருந்த தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். "ஊருக்கு" என்று எழுதும்போதே கை தடுமாறுகிறது, அவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. பாட்டிக்கு பெர்மிட் கிடைத்தது. தாத்தாவுக்குப் புதுப்பிக்கவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, தாத்தாவும் கேட்கவில்லை. எனக்கு ஆறு வயது. சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் பினாங்கு. ரஜூலா கப்பல். இரும்புப் பெட்டி, ஒரு பாய், நெஸ்காஃபே டின்னில் ஊறுகாய். தாத்தா என்னைத் தூக்கி, "ஆறு மாசத்துல வந்துடுவேன்டா" என்றார். 1976இல் அங்கேயே இறந்தார். தந்தி வந்தபோது பாட்டி வெளிக்காட்டு வேலையில் இருந்தார்.

இப்போது உங்கள் பாடப்புத்தகத்துக்கு வாருங்கள். பிரதமர் துன் ரசாக் 1974இல் சீனா போனதை நீங்கள் நடத்துவீர்கள். பனிப்போர், கம்யூனிஸ்ட் நாட்டோடு நட்பு, 1971இல் கோலாலம்பூரில் அறிவித்த அமைதி வட்டாரம், நடுநிலைக் கொள்கை என்று நாலு குறிப்பு, அதற்கு நாலு மதிப்பெண். மே 31 அன்று பீஜிங்கில் அவரும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று என்றைக்காவது வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறீர்களா? அதில் ஐசியைப் பற்றி இருக்கிறது! ஐசி என்ற சொல் இருக்காது, ஆனால் அதுதான் விஷயம். இரட்டைக் குடியுரிமையை இரண்டு அரசுகளும் ஏற்கவில்லை. மலேசியக் குடியுரிமை எடுத்த சீன வம்சாவளியினர் சீனக் குடியுரிமையைத் தானாகவே இழந்தவர்கள். தாமாக விரும்பிச் சீனக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் மலேசியச் சட்டத்தை மதித்து நடக்க வேண்டும், அவர்களுடைய நியாயமான உரிமைகளைச் சீனா காக்கும், மலேசியா மதிக்கும். இரண்டு பெரிய மனிதர்கள் கைகுலுக்கும் படத்தைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கைகுலுக்கலுக்குள் ஈப்போவில் கோப்பிக்கடை வைத்திருந்த ஏதோ ஓர் ஆ பெக்கின், சீனப் பெரியவரின், ஐசி இருந்தது என்று யார் சொன்னார்கள்?

நம் பக்கம்? டில்லி சொன்னது வேறு. வெளிநாட்டு இந்தியர்கள் வாழும் நாட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்த நாட்டுக் குடிமகனானால் இந்தியாவிடம் அரசியல் உரிமை கேட்க முடியாது என்பதுதான் நேருவின் கொள்கை. கொள்கையாகப் பார்த்தால் சரியானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். என் பாட்டி அந்தக் கொள்கையின் இரண்டு பக்கத்திலும் இல்லை, நடுவில் இருந்த கோட்டின்மேல் நின்றார்.

உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது, தெரியுமா? மகாத்மா காந்தி கலாசாலை. மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் முன்னின்று கட்டியது. 1954இல் திறந்துவைத்தவர் விஜயலட்சுமி பண்டிட், ஐ.நா. பொதுச்சபையின் முதல் பெண் தலைவர், நேருவின் தங்கை. பால்மரக் காட்டுக்கு நடுவே ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அப்பேர்ப்பட்டவர் வந்து போயிருக்கிறார். ஐ.நா. பற்றி நடத்தும்போது நியூயார்க் கட்டடத்தின் படத்தை ஒட்டுகிறோம். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடியதை விட்டுவிடுகிறோம். பாட்டி அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் போய் நின்றாராம். "வெள்ளைச் சேலை, நல்லா நிமிர்ந்து நடந்துச்சு" என்பார். என்ன பேசினார் என்று கேட்டால், "இங்கிலீஷோ இந்தியோ, யாருக்குத் தெரியும்" என்பார்.

சரி, பையனின் கேள்வி. அவன் வீட்டில் யாராவது செம்பனைக் காட்டிலோ ஆலையிலோ இருந்தால் 2020ஐச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டு செப்டம்பரில் அன்றைய பிரதமர் துன் மகாதீர் ஐ.நா.வில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். பின்னால் இந்தியாவின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. மலேசியாவைப் பெயர் சொல்லாமல் போட்டது, எல்லாருக்கும் புரிந்தது. இங்கே அரசு மாறியது, மே மாதம் இந்திய வியாபாரிகள் மறுபடியும் வாங்க ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் ஒரு பேச்சு, சுங்கை சிப்புட்டில் பழக்குலை விலை. இதற்குமேல் என்ன உதாரணம் வேண்டும்? ஆனால் ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகள் என்று நீங்கள் எழுதினாலும் இன்றைக்குப் பிரட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்கதேசத்தாரும். உங்கள் மாணவர்கள் தாமானில், வீடமைப்புக் குடியிருப்பில், இருப்பார்கள், அம்மா ஃபேக்டரி பஸ் ஏறுவார். 2022 ஜூலையில் இந்தோனேசியா சில வாரம் ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது தோட்டங்கள் ஆளில்லாமல் கையைப் பிசைந்தன. 1938இல் டில்லி செய்ததை ஜகார்த்தா செய்தது. பேரன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், தாத்தாவின் இடத்தில் வேறு ஊர்ப் பையன் நிற்கிறான். இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து ஒரு பழைய தாள் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று எழுத நினைத்தேன். தாத்தாவின் ஐசி, சம்பளச் சீட்டு, கப்பல் டிக்கெட், ஏதோ ஒன்று. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். முப்பது பேரில் ஒருவனுக்குத் தாளே இருக்காது. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், கல்யாணத்தைப் பதியவில்லை என்றால் நம் அரசமைப்புப்படி அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை அப்பாவிடமிருந்து வராது. இப்படிப் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் இருக்கிறார்கள், அவர்கள் பின்வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். "எல்லாரும் நாளைக்குக் கொண்டுவாங்க" என்று நீங்கள் உற்சாகமாகச் சொன்னால் அவன் மறுநாள் பள்ளிக்கே வர மாட்டான். அதனால் முதலில் உங்கள் வீட்டுத் தாளைக் கொண்டுபோங்கள். உங்கள் பாட்டியினுடையதைத் தேடுங்கள், கட்டாயம் ஏதாவது டின்னில் இருக்கும். இல்லையென்றால் என் பாட்டியினுடையதைப் படம் எடுத்து அனுப்புகிறேன், எண்ணை மட்டும் மறைத்துவிட்டு. அப்படி ஒருவன் தனியாக வந்து உங்களிடம் சொன்னால், தயவுசெய்து பாடத்தை நிறுத்திவிட்டு அவனுடன் பதிவு இலாகாவுக்குப் போங்கள். தேர்வுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஓராண்டு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

பாட்டியைப் பற்றி இன்னொன்று. தேர்தல் நாளில் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, எங்களோடு வாக்குச்சாவடி வரை வருவார். சிவப்பு ஐசிக்கு ஓட்டு இல்லை. வெளியே மரத்தடியில் குடையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் செருப்புக்குக் காவல் போல நிற்பார், செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்காவிட்டாலும். திரும்பி வந்ததும், "நம்ம ஓட்டைப் போட்டாச்சா?" என்பார்.

மாதிரி நாடாளுமன்றத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன், மறந்தே போனேன். நடத்துங்கள். டேவான் ராக்யாட்டில், நம் நாடாளுமன்றக் கீழவையில், 222 பேர், உங்களிடம் முப்பது பேர்தான், பாதகமில்லை. அந்தப் பையனைச் சபாநாயகராகப் போட்டுவிடாதீர்கள், வாயடைத்துப் போவான். எதிர்க்கட்சியில் உட்கார வையுங்கள். அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.