ஷெட் எரெக்‌ஷன் விபத்து: பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் இழப்பீடு உண்டு

கேள்வி: என் தம்பிக்கு வயது 30. ஒரகடம் அருகே ஒரு தொழிற்சாலைக்கு ஷெட் போடும் வேலை; அதாவது இரும்புத் தூண், உத்திரங்களைத் தூக்கி நிறுத்தி இணைப்பது (எரெக்‌ஷன்). ஷெட் கம்பெனியிடம் எரெக்‌ஷனை எடுத்த சப்-கான்ட்ராக்டரிடம் தினக்கூலி 900 ரூபாய்க்குப் போனான். 2025 ஆகஸ்ட் 12 அன்று கிரேன் ஸ்லிங்கை (தூக்கும் பட்டையை) கழற்றியதும் ராஃப்டர் (கூரையின் சாய்வு உத்திரம்) புரண்டு, 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தான். முதுகுத்தண்டு முறிந்து இரண்டு கால்களும் வேலை செய்யவில்லை. பாதுகாப்பு பெல்ட்டின் ஹூக்கை மாட்டாதது அவன் தப்பு என்கிறார்கள். 50,000 ரூபாய் தந்து, இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா? – வாசகர், திருவண்ணாமலை

பதில்: போடலாம். அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 1923ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. விபத்து அதற்கு முன்பே நடந்ததால் பழைய சட்டப்படியே கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: தம்பி பெயரில் இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் இந்த வழி அடைபடும், அங்கேதான் ஊனப் பயன் கோர வேண்டும்.

'ஹூக் மாட்டவில்லை' என்ற வாதம் உங்களைப் பயமுறுத்தச் சொல்வது. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதமே எடுபடாது. மற்ற காயங்களில்கூட, பாதுகாப்புச் சாதனம் கொடுத்திருந்தும் வேண்டுமென்றே அவர் அதை ஒதுக்கினார் என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். ஹூக்கை எதில் மாட்டுவது? ராஃப்டர் நெடுக லைஃப்லைன் கம்பி கட்டியிருந்தார்களா? அது இல்லாமல் பெல்ட் மட்டும் கொடுத்தால் பாதுகாப்பு கொடுத்ததாக ஆகாது.

ராஃப்டர் ஏன் புரண்டது என்பதையும் விடாதீர்கள். தனியாக நிற்கும் ராஃப்டருக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் கிடையாது. முதல் இரண்டு ஃபிரேம்களையும் பர்லின் (கூரையின் குறுக்குச் சட்டம்), பிரேசிங் ராடு (மூலைவிட்டமாகப் பிடிக்கும் கம்பி) போட்டு இணைத்து முடிக்கும்வரை இரு பக்கமும் கை ரோப் (guy rope, சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு) கட்டியிருக்க வேண்டும். அதற்குமுன் ஸ்லிங்கைக் கழற்றக் கூடாது. அவசரத்தில் ஜாயின்ட்டுக்கு இரண்டு போல்ட்டைச் செருகிவிட்டு கிரேனை அடுத்த ஃபிரேமுக்கு அனுப்பும்போதுதான் இப்படி நடக்கும். இந்த வேலைக்கென்றே ஐ.எஸ். 7205 என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு 1974 முதல் இருக்கிறது. இழப்பீட்டுக்கு அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் போலீஸ் வழக்குக்கு இது உயிர்நாடி: கொடுங்காயம் ஏற்படுத்திய அலட்சியத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா 125(b) பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

தொகைக்கு வருவோம். 26 நாள் கூலியாக மாதம் 23,400 ரூபாய் வந்தாலும் கணக்கில் 15,000தான் எடுப்பார்கள். 2020 முதல் அதுதான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. சட்ட அட்டவணையில் 30 வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். மருத்துவச் செலவு முழுவதும் தனி. ஒரு மாதத்துக்குள் தராததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும். சான்றிதழில் ஊனம் 100க்குக் குறைவாக இருந்தாலும் தளராதீர்கள். ஒரு கையை இழந்த தச்சரின் ஊனத்தை முழு ஊனமாகவே 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில். உயரத்தில் ஏறிப் பிழைத்தவருக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும்.

எதிர்மனுதாரராகச் சப்-கான்ட்ராக்டரோடு ஷெட் கம்பெனியையும் கட்டாயம் சேருங்கள். எரெக்‌ஷன் அந்தக் கம்பெனியின் வழக்கமான தொழில் என்பதால் 12ஆம் பிரிவு அதைப் பிடிக்கும். தொழிற்சாலை முதலாளிக்கு ஷெட் கட்டுவது தொழிலல்ல. அந்தப் பிரிவில் அவரைப் பிடிப்பது கடினம்.

கிரேன் வாடகை ரசீது, கேட் ரிஜிஸ்டர், கூலி வந்த ஜிபே பதிவு, வாட்ஸ்அப் படங்கள், மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றையும் இப்போதே சேகரியுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆய்வு செய்திருந்தால் அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவை இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2027 ஆகஸ்ட் 12க்கு முன் போட வேண்டும். இதற்காக நீங்கள் காஞ்சிபுரம் அலைய வேண்டாம். தம்பி வசிக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கான தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே தாக்கல் செய்யலாம்.