வட்ஸ்அப்பில் பரிசோதனை அறிக்கை அனுப்புவது பாதுகாப்பானதா?

கேள்வி இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில் சிறிய கிளினிக். ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கி, நோயாளியின் அடையாள அட்டை இலக்கத்தால் பூட்டி வட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அது போதுமா?

போதாது. ஆனால் ஓட்டை இருப்பது வழியில் அல்ல. 2016 முதல் வட்ஸ்அப் செய்தி அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. ஒழுகுவது இரண்டு முனைகளிலும்.

முதலில் அந்தக் கடவுச்சொல். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும்). பிறந்த தேதி தெரிந்தவருக்கு மிச்சம் நான்கே இலக்கம், அதாவது 10,000 சாத்தியங்கள். ஒரு மடிகணினிக்கு அது வேலையே இல்லை. வீட்டாருக்கோ கணினியும் வேண்டாம், இலக்கம் மனப்பாடம். பத்து எழுத்தாவது உள்ள தற்செயல் குறியீடு ஒன்றை ரசீதில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்; அதை அதே வட்ஸ்அப் உரையாடலில் அனுப்பினால் பூட்டியும் பயனில்லை. பிடிஎஃப்பில் இரண்டு வகைக் கடவுச்சொல் உண்டு. அச்சிடுவதையும் திருத்துவதையும் தடுப்பதை மட்டும் போட்டுவிட்டு, பூட்டியாயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். கோப்பு அப்படியே திறக்கும். திறப்பதற்கான கடவுச்சொல்லைப் போட்டு, 256 பிட் ஏஈஎஸ் (AES) என்ற குறியாக்க முறையைத் தெரிவு செய்யுங்கள். கோப்பின் பெயரில் ஆளின் பெயரோ பரிசோதனையின் பெயரோ வேண்டாம், பில் இலக்கம் போதும். பூட்டிய திரையிலும் கோப்பின் பெயர் அறிவிப்பாகத் தெரியக்கூடும்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பவே வேண்டாம். படம் கேலரிக்குப் போகும், அங்கிருந்து கூகுள் போட்டோஸ், பிறகு பிள்ளைகளின் டேப்லட். பிடிஎஃப் ஆவணமாக அனுப்பினால் கேலரிக்குப் போகாது.

உங்கள் பக்கம் இன்னும் மோசமாக இருக்கலாம். கருமபீடக் கணினியில் வட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்திருக்கும். திறந்து பார்த்த ஒவ்வொரு ரிப்போர்ட்டும் டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடக்கும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் (L) விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைக் கிழமைக்கொரு தரம் பார்த்து, வேலையை விட்டுப் போனவரின் சாதனத்தை நீக்குங்கள். கூகுள் டிரைவில் ஏறும் காப்புப் பிரதி தானாகப் பூட்டப்படுவதில்லை. 2021இல் வந்த அந்த வசதியை நீங்கள்தான் இயக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்புக்கான இரகசிய இலக்கமும் (PIN) அப்படியே, நீங்கள்தான் இயக்க வேண்டும். அது இல்லாவிட்டால் "தவறுதலாக உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்ற ஒரு அழைப்பில் கணக்கே கைமாறிவிடும். போனைத் திருத்த லிபர்ட்டி பிளாசா கடைகளுக்குக் கொண்டுபோகும் முன் கிளினிக் கணக்கை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சட்டம்: இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவு விசேட வகை. எனவே பதிவின்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கூடவே "இந்த நம்பர் யாருடையது, வேறு யார் பார்ப்பார்கள்?" என்றும் கேளுங்கள். நம் வீடுகளில் அம்மாவின் நம்பர் என்று தருவது பல சமயம் மருமகனின் போன். கர்ப்பம், எச்ஐவி, பாலியல் நோய், மனநலம் சார்ந்த முடிவுகளுக்கு "உங்கள் அறிக்கை தயார்" என்றுகூட அனுப்பாமல், நேரில் வரும் தேதியை முன்பே குறித்துக் கொடுத்துவிடுவதே என் தெரிவு.