கார் ஆம்ப்: பவர் எங்கே தொலைகிறது?

கேள்வி: ஸ்டீரியோ பாடுகிறது. ஆம்பில் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) லைட்டே எரியவில்லை. ஆம்ப் போய்விட்டதா?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். முதலில் மூன்று வயர்களைப் பாருங்கள்: பேட்டரியிலிருந்து வரும் பவர், பாடியில் முடுக்கிய எர்த், ஆம்பை ஆன் செய்யச் சொல்லி ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலேயே வைத்து, சிவப்பைப் பவரில் வையுங்கள். இன்ஜின் அணைந்திருந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி ஓரத்து ஃபியூஸையும் எர்த்தையும் பாருங்கள். பவர் வந்து ரிமோட்டில் மட்டும் இல்லையென்றால், ஆம்ப் மேல் தப்பில்லை. பல ஸ்டீரியோக்களில் வெள்ளைக் கோடு போட்ட நீல வயர்தான் ரிமோட். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு. அதில் கொடுத்திருந்தால் ரேடியோ போட்டால் மட்டும் ஆம்ப் எழும்.

கேள்வி: சத்தம் கூட்டினால், பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) விழும்போதெல்லாம் ஆம்ப் அணைந்து அணைந்து வருகிறது. மீட்டரில் 12.5 வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது.

பாட்டை நிறுத்திவிட்டு அளந்திருப்பீர்கள். கரண்ட் ஓடாதபோது எந்த மோசமான ஜாயின்ட்டும் நல்ல ரீடிங்தான் காட்டும். 500 வாட் தரும் கிளாஸ் டி (பவரை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழுச் சத்தத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 0.9 வோல்ட் போய்விடும்.

அதனால் இன்ஜினை ஓட விட்டு, பேஸ் பாட்டைப் போட்டுக்கொண்டு அளங்கள். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொன்று ஆம்பின் பவர் டெர்மினலில். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்பின் எர்த்துக்கும் நடுவே. எதிலாவது அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அந்தப் பக்கம்தான்.

சமீபத்தில் என்னிடம் வந்த வண்டியில் எர்த் பக்கம் மட்டும் 1.4 வோல்ட் விழுந்தது. போல்ட்டைக் கழற்றினால், ரிங் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. மரையில் தொட்ட இடத்தில்தான் கரண்ட் போயிருக்கிறது. வெள்ளி நிறம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் 0.1 ஆனது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட்.

பவர் பக்கம் விழுந்தால் வயரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அநேகமாகச் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பில் 60 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். நல்ல செம்பு வயருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

கேள்வி: 60 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 100 போடலாமா?

கூடவே கூடாது. அந்த ஃபியூஸ் வயரைக் காப்பாற்றுவதற்கு. பெரிதாக்கினால் வயர் எரியும், வண்டியும் எரியும். ஆம்ப் முனையில் பவர் வயரைக் கழற்றி டேப் சுற்றுங்கள். அப்போதும் ஃபியூஸ் போனால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் இருக்கிறதா பாருங்கள். வயரைத் திரும்ப ஆம்பில் மாட்டிய உடனே மட்டும் போனால் ஆம்புக்குள் ஷார்ட்; சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கேள்வி: புரொடெக்ட் லைட் (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் விளக்கு) சிவப்பாகவே நிற்கிறது.

ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். லைட் போனால் ஸ்பீக்கரிலோ அதன் வயரிலோ ஷார்ட். அல்லது ஸ்பீக்கர்களின் மொத்தத் தடை ஆம்ப் தாங்கும் ஓமுக்குக் கீழே போகும்படி இணைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.

சாவியை எடுத்த பிறகு ஆம்பின் ரிமோட்டை அளங்கள். 12 வோல்ட் இருந்தால் யாரோ அதை நேரடி பவரில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்டீரியோவின் ரிமோட் வயருக்கே மாற்றுங்கள்.