இன்னும் பேசாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசுகிறான். ஆனால் ஆங்கில எழுத்துகள் எல்லாம் தெரியும், பேருந்து எண்களைச் சொல்வான், எம்ஆர்டி ரயில் அறிவிப்பை அப்படியே ஒப்பிப்பான். கதைப் புத்தகத்தை விரித்தால் எழுந்து ஓடிவிடுகிறான். ஒரு பயிற்சி நிலையத்தில், வாசிக்க வைத்துவிட்டால் பேச்சு தானாக வரும் என்று சொல்லி ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது? - ஒரு தாய், செங்காங், சிங்கப்பூர்

பதில்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். தமிழையும் விட வேண்டாம். வாசிப்பைத் தொடங்கப் பேச்சு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இன்றே ஆரம்பிக்கலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு எழுத்தும் எண்ணும் பிடிக்கும். பேச்சு காதில் விழுந்த நொடியில் மறைந்துபோகும். எழுத்து எத்தனை முறை பார்த்தாலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். உங்கள் மகனின் இந்த ஆசை நல்ல பிடிமானம். ஆனால் எழுத்தை அடையாளம் காண்பது வேறு, அதன் பொருள் தெரிவது வேறு. ஒரு வரியைத் தடங்கலின்றி வாசித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்றே தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் உண்டு. எழுத்துகளை அவனே கற்றுக்கொண்டான். பொருளோடு சேர்த்துவிடுவது மட்டும்தான் உங்கள் வேலை.

அவனுக்கு வேண்டியதிலிருந்து தொடங்குங்கள். 'பால்', 'மைலோ' என்று இரண்டு அட்டைகளில் பெரிதாக எழுதி, பக்கத்தில் படம் ஒட்டுங்கள். எதை எடுத்து நீட்டுகிறானோ அதை உடனே கொடுங்கள். "சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று பிடித்துவைக்காதீர்கள். அட்டையை நீட்டுவதும் பேச்சுதான். அட்டை பழகினால் வாய் திறக்க மாட்டான் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். அப்படி நடப்பதில்லை.

அப்புறம், கடையில் வாங்கிய கதைக்கு முன்னால் அவனுடைய கதையைச் செய்யுங்கள். கைப்பேசியில் எடுத்த ஐந்தாறு படங்கள், பக்கத்துக்கு ஒரு வரி: "தாத்தா வந்தாச்சு." "பஸ் வருது." அவன் பிடித்த பக்கத்திலேயே நிற்கட்டும், தாளைப் பின்னாலிருந்து புரட்டட்டும், ஒரே புத்தகத்தைத் தினமும் கேட்கட்டும். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் போதும். "இது என்ன? அது என்ன நிறம்?" என்று கேள்வியாக அடுக்கினால் எந்தப் பிள்ளையும் ஓடும். நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்த அமைதிதான் பெற்றோருக்குக் கஷ்டம், பிள்ளைக்கு அது வேண்டும். புரிகிறதா என்று பார்க்க அவனைப் பேசவைக்க வேண்டியதில்லை. 'கப்' என்ற அட்டையைக் கொண்டுபோய்க் கப்பின் மேல் வைத்தால் புரிந்துவிட்டது.

தமிழ்ப் படப் புத்தகங்கள் நம் நூலகங்களில் நிறையக் கிடைக்கின்றன. அச்சில் "நாய் ஓடுகிறது" என்று இருந்தாலும், வீட்டில் சொல்வதுபோல "நாய் ஓடுது" என்றே இப்போது வாசியுங்கள். எழுத்து வழக்கு பின்னால் வரட்டும். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. இருந்தும் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரை இன்னும் ஓயவில்லை. தாத்தா பாட்டியோடு பேச ஒரே மொழி உள்ள வீட்டில் அதைப் பறித்தால், அவனிடம் பேசுகிற ஆட்கள்தான் குறைவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இனி அந்த நிலையத்துக்கு வருகிறேன். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள் பல பிள்ளைகளுக்குச் சொற்கள் கூடும், எந்தப் பேக்கேஜும் இல்லாமலேயே. அந்த வளர்ச்சியைத் தங்கள் பயிற்சியின் சாதனை என்று காட்டித்தான் விற்கிறார்கள். "பேச்சுக்கு உத்தரவாதம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்பவர் சிங்கப்பூரில் இத்தகைய சிகிச்சையாளர்களைப் பதிவுசெய்யும் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரை அதன் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். கட்டணத்தை அமர்வுக்கு அமர்வு கொடுங்கள். பிள்ளையின் கையையோ எழுத்துப் பலகையையோ இன்னொருவர் பிடித்துக்கொண்டு, "உங்கள் மகன் முழு வாக்கியம் எழுதுகிறான் பாருங்கள்" என்று காட்டினால் நம்பாதீர்கள். அங்கே எழுதுவது பிடித்திருப்பவரின் கை. அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர் சங்கமே 2018இல் இந்த முறைகள் வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அழுதுகொண்டு வருகிற பெற்றோரிடம் இதை விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: காது. "பிறந்தவுடனே சோதனை செய்தாச்சு, பாஸ்" என்பீர்கள். அது அன்றைய நிலை. சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கினால் பிற்பாடு கேட்கும் திறன் குறையலாம், அது வந்து வந்து போகவும் செய்யும். டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறான், பிஸ்கட் பொட்டலம் திறந்தால் திரும்புகிறான் என்பதெல்லாம் சோதனை ஆகாது. மெல்லிய ஒலிகளைத் தவறவிடுகிற பிள்ளையும் அதைச் செய்யும். அறிவிப்பை ஒப்பிக்கிறானே என்றும் விட்டுவிடாதீர்கள், அது ஒலிபெருக்கிச் சத்தம். அண்மையில் முறையான செவிச் சோதனை செய்யவில்லை என்றால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மற்ற பயிற்சிகளைச் செய்துகொண்டே இதையும் செய்யலாம்.

வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சின்னப் பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் கொடுக்கவில்லை என்றால், ஆட்டிசத்தை உறுதிசெய்த மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். கட்டணச் சலுகை வருமானத்தைப் பொறுத்தது. நான்கு வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வரிசை நகர்கிற வேகம் அதற்கு ஏற்றதாக இல்லை. முன்பணக்காரர்கள் பிழைப்பதே அந்தக் காத்திருப்பில்தான். வரிசையில் நிற்கும்போது மாதம் ஒரு முறை கூப்பிட்டு விசாரியுங்கள். இடம் கிடைத்ததும் நீங்கள் செய்த படப் புத்தகத்தையும் அட்டைகளையும் முதல் நாளே கொண்டுபோய் ஆசிரியரிடம் கொடுங்கள். அவனுக்கு என்ன தெரியும் என்பதை எந்தப் படிவத்தையும்விட அவை நன்றாகச் சொல்லும்.